கொடுத்த வாக்கும் சிலுவைப் போர்களும்

சிலுவைப் போர்கள் என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது சுல்தான் சலாஹுத்தீன் ஐயூபியின் பெயர். அவருடைய வீரத்தையும் பெருந்தன்மையையும் மீலாது மேடைகளில் கேட்டுக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். மகிழ்வது தவறன்று. ஆனால், சரித்திரம் மகிழ்வதற்காக மட்டும் படிக்கப்படுவதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் நடந்த பெரும்போர் ஒன்றில், ஒரு சாராரின் நற்செயல்களை மட்டும் பொறுக்கி ஒரு தட்டிலும், மறு சாராரின் தீச்செயல்களை மட்டும் பொறுக்கி மற்றொரு தட்டிலும் வைத்து நிறுத்தால், அது சரித்திரமாகாது, வழக்காடுவதாகவே முடியும்.

எனவே, இக்கட்டுரையில் நாம் ஒரே ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு, இரு சாராரையும் அதனாலேயே அளந்து பார்ப்போம். கொடுத்த வாக்கைக் காத்தவர் யார்? முறித்தவர் யார்? காத்ததனாலும் முறித்ததனாலும் விளைந்தது என்ன? இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு கி.பி. 1095 முதல் 1291 வரை நடந்தவற்றைப் புரட்டினால், போர்க்களங்களை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குத் தென்படாத ஓர் உண்மை நமக்குப் புலப்படும்.

சில சொற்களின் பொருள்

'சிலுவைப் போர்' என்ற பெயர் அக்கால முஸ்லிம்கள் வழங்கியதன்று. மேனாட்டிலிருந்து வந்தவர்களை அரபு ஆசிரியர்கள் 'இஃப்ரன்ஜ்' என்றே எழுதினார்கள். பிராங்க் இனத்தார் என்பது அதன் பொருள். இச்சொல்லே பாரசீகத்தில் 'பரங்' ஆகி, தமிழில் 'பரங்கியர்' என்று வழங்கலாயிற்று. பினாங்கிலுள்ள பத்து பெரிங்கி என்ற ஊர்ப்பெயரிலும் அதே சொல்தான் ஒலிக்கிறது. மேனாட்டுப் படைவீரர்களோ, தங்களை யாத்திரிகர்கள் என்றே சொல்லிக்கொண்டனர். தோளில் சிலுவைக் குறியைத் தைத்துக்கொண்டு புறப்பட்டனர்.

மற்றொரு சொல் 'அமான்'. எதிரிக்கு அளிக்கும் அபயம் என்பது அதன் பொருள். நாம் அன்றாடம் வழங்கும் 'அமானிதம்' என்ற சொல்லும், 'ஈமான்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்தவை. நம் சட்டநூலார் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். முஸ்லிம்களில் மிகச் சாதாரணமான ஒருவர் அபயம் அளித்தாலும், அது அனைவரையும் கட்டுப்படுத்தும் என்பது அவர்களின் பொதுவான முடிவு. தளபதி கொடுத்தால்தான் செல்லும், படைவீரன் கொடுத்தால் செல்லாது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

போர் எழுந்த காரணம்

கி.பி. 638-ஆம் ஆண்டை ஒட்டி, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஜெரூஸலம் என்னும் பைத்துல் முகத்தஸ் போரின்றிச் சரணடைந்தது. அந்நகரத்துக் கிறிஸ்தவர்களின் உயிருக்கும் உடைமைக்கும் தேவாலயங்களுக்கும் பாதுகாப்பு வாக்களிக்கப்பட்டது. திருக்கல்லறைத் தேவாலயத்தினுள் தொழுமாறு அழைத்தபோது கலீபா மறுத்துவிட்டார்கள் என்றும், தாம் அங்கே தொழுதால் பின்வருவோர் அதைக் காரணங்காட்டித் தேவாலயத்தைக் கைப்பற்றிக்கொள்வர் என்று அஞ்சினார்கள் என்றும் ஒரு செய்தி உண்டு. இதைப் பத்தாம் நூற்றாண்டில் எழுதி வைத்தவர் அலெக்ஸாந்திரியாவின் கிறிஸ்தவத் தலைமைக் குருவே ஆவார்.

இந்த வாக்கு நெடுங்காலம் நிலைத்தது. ஆனால், என்றும் நிலைத்தது என்று சொல்ல முடியாது. கி.பி. 1009-இல் எகிப்தை ஆண்ட பாத்திமிய்ய கலீபா அல்-ஹாகிம், அதே தேவாலயத்தை இடிக்கும்படி கட்டளையிட்டார். பின்வந்த பாத்திமிய்யர், அதைத் திரும்பக் கட்டப் பைஸாந்தியச் சக்கரவர்த்திக்கு இசைவளித்தனர். கட்டடம் எழுந்தது, எனினும் இடித்த செய்தி ஐரோப்பாவில் மறையவில்லை. வாக்கை முறித்தவர் ஒருவர். அதன் பழியைச் சுமந்தவர்கள் அவருக்குப் பின் வந்தவர்கள்.

கி.பி. 1071-இல் மன்ஸிகர்ட் என்னுமிடத்தில் ஸல்ஜூக்கியத் துருக்கர் பைஸாந்தியச் சக்கரவர்த்தியைத் தோற்கடித்தனர். சின்ன ஆசியாவின் பெரும்பகுதி அவர்கள் வசமாயிற்று. பின்னர்ச் சக்கரவர்த்தியான அலெக்ஸியஸ், மேனாட்டிலிருந்து படையுதவி வேண்டினார். கி.பி. 1095 நவம்பரில் பிரான்ஸ் நாட்டுக் கிளர்மாண்ட் நகரில் கூடிய சபையில், பாப்பாண்டவர் இரண்டாம் அர்பன் புனித யாத்திரைப் போருக்கு அழைப்பு விடுத்தார். பக்தியும், பாவமன்னிப்பின் மீது கொண்ட ஆசையும், நிலத்தாசையும், கொள்ளையாசையும் ஒன்றாகக் கலந்து ஒரு வெள்ளமாய்ப் பெருகின.

நம் பக்கத்து நிலை யாது? கி.பி. 1092-இல் ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க் கொல்லப்பட்டார்; சில வாரங்களில் சுல்தான் மலிக்ஷாவும் மறைந்தார். வாரிசுச் சண்டை மூண்டது. ஹலப் நகரை ரிள்வானும், திமிஷ்கு நகரைத் துகாக்கும் ஆண்டனர். இருவரும் உடன்பிறந்தவர்கள், ஆயினும் ஒருவரையொருவர் நம்பாதவர்கள். எகிப்தின் பாத்திமிய்யரோ துருக்கரைப் பகைத்தனர். பரங்கியர் வடக்கே முன்னேறிக்கொண்டிருந்த 1098-ஆம் ஆண்டிலேயே அவர்கள் துருக்கரிடமிருந்து பைத்துல் முகத்தஸைப் பறித்துக்கொண்டனர். வீடு தீப்பற்றி எரிகையில் அண்ணன் தம்பியர் வாசற்படிக்கு வழக்காடிய கதைதான்.

வழி நெடுக முறிந்த வாக்குகள்

முதற் சிலுவைப் போரில் முறிந்த வாக்குகள் முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்டவை மட்டுமல்ல. படை புறப்பட்ட 1096-ஆம் ஆண்டிலேயே, ரைன் நதிக்கரை நகரங்களில் வாழ்ந்த யூதர்கள் மீது ஒரு கூட்டத்தார் பாய்ந்தனர். ஆயர்கள் அளித்த அடைக்கலம் யூதர்களைக் காக்கவில்லை. மைன்ஸ் நகரில் யூதர்களிடம் பொருளையும் பெற்றுக்கொண்டு அவர்களையே வெட்டினர்.

1097-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் படைத்தலைவர்களில் பெரும்பாலோர் சக்கரவர்த்தி அலெக்ஸியஸுக்குச் சத்தியம் செய்துகொடுத்தனர். முன்பு பைஸாந்தியருக்கு உரியவையாயிருந்த நகரங்களை மீட்டால், அவரிடமே ஒப்படைப்பதாக உறுதி கூறினர். அடுத்த ஆண்டு ஜூனில் அந்தாக்கியா நகரம் விழுந்தது. பொகிமாண்ட் என்னும் தலைவன் அதைத் தனக்கே வைத்துக்கொண்டான். அவசர காலத்தில் சக்கரவர்த்தி உதவிக்கு வரவில்லை என்பது அவன் சொன்ன காரணம். சத்தியத்தை முறிப்பவனுக்குக் காரணம் கிடைக்காமல் போவதுண்டோ! கீழைக் கிறிஸ்தவருக்கும் மேலைக் கிறிஸ்தவருக்கும் இடையே விழுந்த பிளவு இதனால் ஆழமாயிற்று. கி.பி. 1204-இல் நான்காம் சிலுவைப் போரின் படை கான்ஸ்டாண்டிநோபிளையே கொள்ளையிட்டதில் அப்பிளவு போய் முடிந்தது.

1098 டிசம்பரில் மஅர்ரத்துன் நுஃமான் என்ற ஊர் வீழ்ந்தது. அரபுக் கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரி பிறந்த ஊர் அது. குறிப்பிட்ட மாளிகை ஒன்றில் கூடுவோர் உயிர் தப்பலாம் என்று பொகிமாண்ட் சொல்லியனுப்பினான். நம்பி வந்தவர்களின் பொருளைப் பறித்து, சிலரைக் கொன்று, மற்றவரை அடிமைகளாக விற்கும்படி அந்தாக்கியாவுக்கு அனுப்பினான். இதை எழுதியவர்கள் முஸ்லிம்களல்லர். அப்படையோடு வந்த பரங்கி ஆசிரியர்களே.

1099 ஜூலை 15-ஆம் நாள் பைத்துல் முகத்தஸ் வீழ்ந்தது. மஸ்ஜிதுல் அக்ஸாவின் கூரைமேல் ஏறி நின்றவர்களுக்குத் தாங்கிரெட் என்ற தலைவன் அபயமளித்துத் தன் கொடியையும் கொடுத்தான். மறுநாட்காலை வேறு படையினர் கூரைமேல் ஏறி அவர்களைக் கொன்று குவித்தனர். தாங்கிரெட் சினந்தான் என்கிறார்கள். ஆனால் மாண்டவர் மீளவில்லை. ஒருவன் கொடுத்த அபயம் மற்றவனைக் கட்டுப்படுத்தாத படையில் அபயத்துக்கு விலையேது? யூதர்கள் தங்கள் ஆலயத்தினுள் வைத்துக் கொளுத்தப்பட்டனர். கொல்லப்பட்டோர் 70,000 பேர் என்று இப்னுல் அதீர் எழுதியிருப்பது மிகை என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் முடிவு. தொகை எவ்வளவாயினும் அது பெருங்கொலை என்பதை இரு தரப்பு ஆசிரியர்களும் ஒப்புகின்றனர்.

இந்த இருளிலும் ஒரு சிறு வெளிச்சம் உண்டு. தாவூத் நபி (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் கோபுரத்தினுள் பாத்திமிய்ய ஆளுநர் இஃப்திகாருத் தவ்லா தம் வீரர்களுடன் இருந்தார். துலூஸ் பிரபு ரேமாண்டிடம் அவர் சரணடைந்தார். ரேமாண்ட் தாம் கொடுத்த சொல்லைக் காத்து அவர்களை அஸ்கலானுக்குப் பத்திரமாக அனுப்பினார். அவர்கள் வாக்கைக் காத்தனர் என்பதை இப்னுல் அதீரும் மறைக்காமல் எழுதுகிறார். பகைவனின் நற்செயலையும் எழுதி வைத்த அந்நேர்மை நமக்கும் வேண்டும்.

திமிஷ்கு இருமுறை கைமாறிய விதம்

நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகவும் பொருத்தமானது திமிஷ்கு நகரத்தின் வரலாறு. சலாஹுத்தீனின் புகழொளியில் இது பலர் கண்ணில் படுவதில்லை.

மோஸுலையும் ஹலபையும் ஆண்ட இமாதுத்தீன் ஜங்கி பெருவீரர். 1144-இல் ருஹா என்னும் எடெஸ்ஸா நகரைப் பரங்கியரிடமிருந்து மீட்டவர் அவரே. ஆனால், அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1139-இல், திமிஷ்கு ஆட்சிக்குட்பட்ட பஅலபக் கோட்டையை அவர் முற்றுகையிட்டார். கோட்டையினுள் இருந்தோரும் முஸ்லிம்களே. உயிர்ப் பாதுகாப்பு வாக்களிக்கப்பட்டு அவர்கள் சரணடைந்தனர். சரணடைந்தபின் ஜங்கி அவர்களைக் கொன்றுவிட்டார்.

இச்செய்தி திமிஷ்கை எட்டியது. அடுத்து ஜங்கி அந்நகரின் வாயிலுக்கு வந்து எத்தனை வாக்குறுதிகள் அளித்தபோதிலும் அவற்றை நம்புவார் இல்லை. பஅலபக்கில் நடந்ததுதான் எல்லார் கண்முன்னும் நின்றது. நகரத்தை நிருவகித்த முயீனுத்தீன் உனுர், ஜங்கிக்கு அஞ்சி ஜெரூஸலத்துப் பரங்கி மன்னனோடு உடன்படிக்கை செய்துகொண்டார். ஒரு முஸ்லிம் நகரம் மற்றொரு முஸ்லிம் அரசருக்கு அஞ்சிச் சிலுவைப் படையினரின் நட்பை நாடிற்று. ஒரு கோட்டையில் முறித்த வாக்கினால் ஜங்கி இழந்தது சிரியாவின் தலைநகரம். தம் ஆயுளில் அதை அவர் அடையவேயில்லை.

அந்த உடன்படிக்கைக் காலத்தில் ஜெரூஸலம் சென்றுவந்த உஸாமா இப்னு முன்கித் என்ற பிரபு, தம் நினைவு நூலில் ஒரு செய்தி கூறுகிறார். மஸ்ஜிதுல் அக்ஸாவைத் தங்கள் இருப்பிடமாக்கிக் கொண்டிருந்த டெம்பிளர் என்னும் போர்த்துறவிகள், அவர் தொழுவதற்கு ஓரிடத்தை ஒழித்துக் கொடுப்பார்களாம். மேனாட்டிலிருந்து அண்மையில் வந்த ஒருவன் அவரைப் பிடித்துக் கிழக்கு நோக்கித் திருப்பினான். டெம்பிளர்கள் அவனை வெளியேற்றி, 'இவன் புதியவன், பொறுத்தருள வேண்டும்' என்ற கருத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டனர். வாக்கு நிலைத்திருந்த இடத்தில், பகைவர்களிடையேயும் மரியாதை வளர்ந்தது.

அந்த மரியாதையைக் குலைத்தவர் பரங்கியர். இரண்டாம் சிலுவைப் போருக்கு வந்த பிரெஞ்சு மன்னரும் ஜெர்மானிய மன்னரும் ஜெரூஸலப் பிரபுக்களோடு கூடி, 1148 ஜூலையில் திமிஷ்கைத் தாக்கினர். தங்களோடு உறவு பூண்டிருந்த நகரத்தையே தாக்கினர்! முற்றுகை சில நாட்களில் தோல்வியுற்றுக் கலைந்தது. ஆனால், நம்பிக்கை போனது போனதுதான். 1154-இல் ஜங்கியின் மகன் நூருத்தீன் திமிஷ்கை அடைந்தபோது, ஏறக்குறைய இரத்தம் சிந்தாமலே நகரம் அவருக்குத் திறந்தது.

தந்தை வாளால் அடைய முடியாததை மகன் எப்படி அடைந்தார்? பரங்கியரின் வாக்கு பொய்த்துவிட்டது. நூருத்தீனோ நேர்மையான ஆட்சியாளர் என்று பெயரெடுத்திருந்தார். ஹலபும் திமிஷ்கும் ஒரே கையில் வந்தபின்தான் பைத்துல் முகத்தஸை மீட்கும் வழி பிறந்தது.

இதில் இன்னொரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். பஅலபக்கில் அந்தக் கொலை நடந்தபின் ஜங்கி அமர்த்திய ஆளுநர் நஜ்முத்தீன் ஐயூப். அவருடைய சிறு குழந்தைதான் பிற்காலத்துச் சலாஹுத்தீன்.

ரெனால்ட் என்னும் பிரபு

சலாஹுத்தீன் 1169-இல் எகிப்தின் அமைச்சரானார். 1174-இல் திமிஷ்கும் 1183-இல் ஹலபும் அவர் வசமாயின. அவருக்கும் ஜெரூஸல அரசுக்குமிடையே அவ்வப்போது போரும், அவ்வப்போது போர்நிறுத்த உடன்படிக்கையுமாகக் காலம் சென்றது. 1184-இல் அவ்வழியே சென்ற ஸ்பானிய யாத்திரிகர் இப்னு ஜுபைர் ஒரு வியப்பை எழுதுகிறார். படைகள் பொருதிக்கொண்டிருக்கையிலேயே, திமிஷ்குக்கும் பரங்கியரின் அக்கோ துறைமுகத்துக்குமிடையே வணிகர் கூட்டங்கள் தடையின்றிப் போய்வந்தன. இரு சமயத்து வணிகரும் எதிர்த்தரப்பு நாட்டில் வரி செலுத்திப் பாதுகாப்புப் பெற்றனர். வணிகம் நம்பிக்கையின்றி ஒரு நாளும் நடவாது என்பதை வணிகச் சமுதாயமாகிய நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்நம்பிக்கையின் மேல் கைவைத்தவன் கரக் கோட்டையின் அதிபதி ரெனால்ட். உடன்படிக்கை நடப்பிலிருக்கும்போதே முஸ்லிம் வணிகர் கூட்டங்களைக் கொள்ளையடித்தான். 1182-83-இல் செங்கடலில் கப்பல்களை இறக்கி, ஹஜ்ஜுப் பயணிகளின் வழியையும் ஹிஜாஸ் கரையையும் அச்சுறுத்தினான். 1187-ஆம் ஆண்டுத் தொடக்கத்தையொட்டி மீண்டும் ஒரு பெருங்கூட்டத்தைப் பிடித்துச் சிறையிலிட்டான். பொருளையும் ஆட்களையும் திருப்பிக் கொடுக்குமாறு சலாஹுத்தீன் கேட்டார். ஜெரூஸல மன்னன் கீ டி லூஸிஞான் கேட்டும் ரெனால்ட் இணங்கவில்லை. தன் நிலத்துக்குத் தானே அரசன் என்றான். ஒருவன் முறித்த வாக்குக்கு ஓர் அரசே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

1187 ஜூலை 4-ஆம் நாள் ஹித்தீன் மலையருகே பரங்கிப் படை அழிந்தது. சிறைப்பட்ட மன்னனுக்குச் சலாஹுத்தீன் குளிர்ந்த நீர் அளித்தார். மன்னன் அதை ரெனால்டிடம் நீட்டியபோது, அதைத் தாம் கொடுக்கவில்லை என்று சுல்தான் தெளிவுபடுத்தினார். உணவோ நீரோ பெற்றவன் அபயம் பெற்றவனாவான் என்பது அரபு மரபு. மன்னனுக்கு அபயம் கிடைத்தது; ரெனால்டின் தலை விழுந்தது. சிறைப்பட்ட டெம்பிளர், ஹாஸ்பிட்டலர் போர்த்துறவிகள் சுமார் 200 பேரும் சுல்தானின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். அவர்களுக்கு வாக்கேதும் கொடுக்கப்படவில்லை என்பது உண்மை. எனினும் கைப்பட்டவர்களைக் கொன்றதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கில்லை.

ஹிஜ்ரி 583, ரஜபு 27

பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்ட வரலாற்றை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில், வாக்கின் சோதனை இங்கேதான் நடந்தது.

இபெலின் பிரபு பேலியன் ஹித்தீனிலிருந்து தப்பி ஸூர் நகரில் இருந்தார். ஜெரூஸலத்தில் சிக்கிய தம் மனைவி மக்களை அழைத்துவர, சலாஹுத்தீனிடம் அனுமதி கேட்டார். ஓர் இரவு மட்டும் தங்குவது, ஆயுதம் ஏந்துவதில்லை என்ற சத்தியத்தின் பேரில் அனுமதி கிடைத்தது. நகரத்து மக்களோ அவரை விடவில்லை. படைத்தலைமை ஏற்கும்படி மன்றாடினர். பாத்திரியார்க் என்னும் தலைமைக் குரு அச்சத்தியத்திலிருந்து அவரை விடுவிப்பதாகக் கூறினார். பேலியன் நிலைமையை விளக்கிச் சுல்தானுக்கே எழுதினார். சுல்தான் அவரைப் பொறுத்துக்கொண்டதோடு, அவருடைய குடும்பத்தாரைக் காவலுடன் பத்திரமாக அனுப்பியும் வைத்தார்.

முற்றுகை முற்றியபோது பேலியன் சமாதானம் பேச வந்தார். 1099-இல் பரங்கியர் பிடித்தது போலவே வாளால்தான் நகரைப் பிடிப்பேன் என்று சலாஹுத்தீன் முதலில் மறுத்தார். 'அப்படியானால் சிறையிலுள்ள முஸ்லிம்களைக் கொன்று, குப்பத்துஸ் ஸக்ராவையும் இடித்துவிட்டுச் சாவோம்' என்பதாகப் பேலியன் மறுமொழி இருந்தது. சுல்தான் தம் ஆலோசகரைக் கலந்து உடன்படிக்கைக்கு இசைந்தார். ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார், குழந்தைகளுக்கு அதனினும் குறைவு என மீட்புப் பணம் விதிக்கப்பட்டது. 40 நாள் தவணை. ஏழைகளில் 7,000 பேருக்காக 30,000 தீனார் மொத்தமாகச் செலுத்தப்பட்டது. 1187 அக்டோபர் 2-ஆம் நாள், மிஃராஜ் இரவின் நாளாகிய ரஜபு 27-இல், நகரம் திறந்தது. எவரும் கொல்லப்படவில்லை, வீடெதுவும் சூறையாடப்படவில்லை.

தலைமைக் குரு தமக்குரிய 10 தீனாரைச் செலுத்திவிட்டு, தேவாலயச் செல்வங்களை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மீட்புப் பணமில்லாத ஆயிரக்கணக்கான ஏழைக் கிறிஸ்தவர்கள் பின்னால் நின்றனர். அச்செல்வத்தைப் பறிமுதல் செய்யுமாறு சுல்தானுக்கு ஆலோசனை கூறப்பட்டது. உடன்படிக்கை அவரவர் சொந்தப் பொருளுக்கே பொருந்தும், தேவாலயப் பொருளுக்குப் பொருந்தாது என்ற வாதமும் எடுத்து வைக்கப்பட்டது. கேட்பதற்கு நியாயமான வாதந்தான். ஆனால், சலாஹுத்தீன் இணங்கவில்லை. சொற்களுக்கு வேறு பொருள் கற்பித்தால், முஸ்லிம்கள் வாக்குத் தவறினர் என்றே அவர்கள் சொல்வார்கள் என்பது அவர் கருத்து. வாக்கை வெளிப்படையாக முறிப்பவர் சிலரே. வாசகத்தை வளைத்து முறிப்பவரே உலகில் அதிகம். அந்த வழியையும் அவர் அடைத்துவிட்டார்.

அவருடைய தம்பி அல்-ஆதில், ஏழைகளில் 1,000 பேரைத் தமக்குக் கேட்டு வாங்கி உடனே விடுதலை செய்தார். சுல்தான் முதியோரை விலையின்றி விடுவித்தார். திருக்கல்லறைத் தேவாலயத்தை இடித்துவிடலாம் என்று சிலர் சொன்னபோது, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் முன்மாதிரி எடுத்துக் காட்டப்பட்டு, அது காக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பின்னும், பணம் செலுத்த வகையற்ற சுமார் 15,000 பேர் அடிமைகளாயினர் என்று சுல்தானின் செயலாளர் இமாதுத்தீனே எழுதி வைத்துள்ளார். மேடைப் பேச்சுகளில் விடுபட்டுப்போகும் இச்செய்தியையும் நாம் அறிந்திருக்க வேண்டும். சலாஹுத்தீன் அக்காலத்துப் போர்முறையைச் சேர்ந்தவர்தாம். அதற்குள் நின்று, சொன்ன சொல்லுக்கு மேலும் கொடுத்தார், குறைக்கவில்லை என்பதே அவருடைய சிறப்பு.

அக்கோவும் அதன் பின்னும்

மீண்டும் போரிடுவதில்லை என்று சத்தியம் செய்த மன்னன் கீ 1188-இல் விடுதலை பெற்றான். வேற்றுமதத்தாரிடம், அதுவும் சிறையிலிருந்து செய்த சத்தியம் கட்டுப்படுத்தாது என்று குருமார்கள் கூற, 1189 ஆகஸ்டில் அவனே அக்கோவை முற்றுகையிட்டான். 1191 ஜூலை 12-இல் அக்கோ சரணடைந்தது. 200,000 தீனாரும் கைதிகளின் விடுதலையும் நிபந்தனைகள். தவணையைப் பற்றியும், பணம் பெற்றபின் சிறைப்பட்டோரை விடுவிப்பார்களா என்பதைப் பற்றியும் சச்சரவு எழுந்தது. ஆகஸ்டு 20-ஆம் நாள் இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டு, சுமார் 2,700 முஸ்லிம் கைதிகளை ஊருக்கு வெளியே நிறுத்திக் கொல்வித்தான். அதன்பின் சில காலம் சலாஹுத்தீனும் கையில் சிக்கிய பரங்கியரைக் கொல்வித்தார். நம்பிக்கை ஓரிடத்தில் சாய்ந்தால் இரு கரையும் இடிந்துவிழும்.

ஆயினும் அதே இருவர்தாம் 1192 செப்டம்பரில் சமாதானம் செய்துகொண்டனர். கடற்கரை பரங்கியருக்கு, பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்களுக்கு, கிறிஸ்தவ யாத்திரிகர்கள் தடையின்றி வந்து போகலாம் என்பது ஏற்பாடு. தம் கடிதமில்லாமல் வரும் யாத்திரிகரை அனுமதிக்க வேண்டாமென்று ரிச்சர்டு கேட்டுக்கொண்டார். சலாஹுத்தீனோ தூரதேசத்திலிருந்து வந்தவர்களைத் தடுக்க மறுத்து, விருந்தளித்து அனுப்பினார். 1193 மார்ச்சில் திமிஷ்கில் அவர் மறைந்தபோது, அவருடைய சொந்தப் பெட்டியில் இருந்தவை 47 திர்ஹமும் ஒரு பொற்காசுமே என்று அவருடைய வரலாற்றை எழுதிய பஹாவுத்தீன் கூறுகிறார்.

பிற்காலத்துச் செய்திகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1229-இல் சுல்தான் அல்-காமிலும் பிரடெரிக் சக்கரவர்த்தியும் போரின்றி 10 ஆண்டு உடன்படிக்கை செய்தனர். நகரம் கிறிஸ்தவருக்கும், மஸ்ஜிதுல் அக்ஸா அமைந்த வளாகம் முஸ்லிம்களுக்கும் என்று முடிவாயிற்று. இரு சாராரும் தத்தம் தலைவரைத் தூற்றினார்கள். ஆனால் உடன்படிக்கை தன் காலம் முழுவதும் நின்றது. 1250-இல் எகிப்தில் சிறைப்பட்ட பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி மீட்புப் பணம் செலுத்துகையில், எடை போடுவதில் முஸ்லிம்களை 10,000 லிவ்ர் ஏமாற்றிவிட்டதாக அவருடைய பிரபு ஒருவர் சொன்னார். மன்னர் கடுஞ்சினங்கொண்டு, குறையைக் கணக்குப் பார்த்து முழுவதும் செலுத்தச் செய்தார். அவரோடிருந்த ஜுவான்வீல் இதை எழுதியிருக்கிறார். நம்மை எதிர்த்து வந்த மன்னர். ஆயினும் நாம் பாராட்ட வேண்டிய செயல்.

மறுபுறம், 1244-இல் குவாரிஸ்மியக் குதிரைப்படையினர் பைத்துல் முகத்தஸில் புகுந்து கிறிஸ்தவர்களைக் கொன்றனர். 1268-இல் சுல்தான் பைபர்ஸின் படை அந்தாக்கியாவில் பெருங்கொலை புரிந்தது. 1290-இல் உடன்படிக்கை நடப்பிலிருக்கையில், இத்தாலியிலிருந்து புதிதாய் வந்த சிலுவை வீரர்கள் அக்கோ நகரில் முஸ்லிம் வணிகர்களையும் உழவர்களையும் வெட்டினர். குற்றவாளிகளை ஒப்படைக்கச் சுல்தான் கலாவூன் கேட்டும் நகரத்தார் ஒப்படைக்கவில்லை. 1291 மே 18-இல் அவர் மகன் அல்-அஷ்ரப் கலீலிடம் அக்கோ வீழ்ந்தது; அங்கும் கொலை மிகுந்தது. ரெனால்டின் கொள்ளையால் ஹித்தீன் வந்தது. அக்கோவின் கொலையால் பரங்கி அரசின் முடிவே வந்தது.

நாம் பெறும் பாடங்கள்

முதலாவது: வாக்குக்குப் பெறுபவரின் மதம் இல்லை. பேலியனையும் கீயையும் சத்தியத்திலிருந்து விடுவித்த குருமார்கள், எதிர்மதத்தாருக்குக் கொடுத்த சொல் சொல்லாகாது என்றெண்ணினர். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு திருக்குர்ஆன் முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. முஸ்லிமோடு செய்த ஒப்பந்தம் என்று அது பிரித்துச் சொல்லவில்லை.

இரண்டாவது: சட்டம் ஏட்டிலிருந்தால் போதாது. அமானைப் பற்றி அவ்வளவு சிறந்த சட்டம் நம்மிடமிருந்தும், பஅலபக்கில் அது ஜங்கியின் கையைத் தடுக்கவில்லை. காக்கும் மனிதர் இருந்தால்தான் சட்டம் உயிர்பெறும்.

மூன்றாவது: ஒருவர் முறிக்கும் வாக்கு அவரோடு நிற்பதில்லை. ஒரு வணிகர் கடனை மறுத்தால் அந்த ஊர் வணிகர் அனைவர் மீதும் சந்தேகம் விழுகிறது. ஒரு சங்கத்தின் நிருவாகி சொன்ன சொல்லைத் தட்டினால், அடுத்து வரும் நிருவாகியின் சொல்லையும் எவரும் கேட்பதில்லை. பல இனத்தாரும் பல மதத்தாரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இந்நாட்டில், நம்மில் ஒருவர் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும் சொல்லை அவர்கள் ஒரு முஸ்லிமின் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

நான்காவது: அன்று வந்த பரங்கியரின் குற்றத்தை இன்றைய கிறிஸ்தவ அன்பர்கள் தலையில் சுமத்துவது அறிவுடைமையாகாது. அப்போர்களில் கீழைநாட்டுக் கிறிஸ்தவர்களும் கொள்ளையடிக்கப்பட்டார்கள், யூதர்களும் எரிக்கப்பட்டார்கள். ஜங்கியின் குற்றம் நம்முடையதாகாது என்று நாம் சொல்வோமானால், ரெனால்டின் குற்றமும் அவர்களுடையதாகாது.

வகுப்பில் கலந்து பேச

1. பஅலபக்கில் ஜங்கி வாக்கைக் காத்திருந்தால் திமிஷ்கின் வரலாறு எவ்வாறு மாறியிருக்கும்?

2. தலைமைக் குருவின் செல்வத்தைப் பற்றிச் சலாஹுத்தீனுக்குக் கூறப்பட்ட ஆலோசனையில் நியாயம் இருந்ததா? அவர் அதை ஏற்காதது சரியா?

3. தாங்கிரெட்டின் கொடி மக்களைக் காக்கவில்லை. ரேமாண்டின் சொல் காத்தது. இவ்விரண்டுக்கும் வேற்றுமை என்ன?

4. நம் சங்கம் கடந்த ஓராண்டில் உறுப்பினர்களுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்த வாக்குகள் எவை? அவற்றுள் இன்னும் நிறைவேறாதவை எவை?